இருக்கைக்கு அடியில் இருந்த பை

காது மடலில் அலுமினியப் பொடி ஒட்டியிருக்க வீடு திரும்பும் என் அப்பாவுக்கு,

நாரணாபுரத்தில் மறுபடியும் சீசன் வந்துவிட்டது. விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி வேன் நம் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அடுக்களையிலிருந்து, "என்னங்க, வண்டி வந்துருச்சு" என்று சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், விளக்கிய பாத்திரத்தையே மறுபடியும் விளக்குகிறாள். நான் கேட்காததுபோல் இருந்துகொள்கிறேன்.

உங்கள் தலைத்திவசத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் திருச்சியிலிருந்து முன்பே வந்துவிட்டேன். போன வருஷம் எனக்குத் தலைதீபாவளி, இந்த வருஷம் உங்களுக்குத் தலைத்திவசம். இப்படியா ஓர் அப்பா மகளுக்குச் சீர் செய்வார்?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, உங்களிடம்தான் இன்னும் சொல்லவில்லை. நேரில் சொல்லியிருந்தால் முதலில் முறைத்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி தாயி, விடு" என்றிருப்பீர்கள். அந்த முறைப்புக்கும் சேர்த்துத்தான் இப்போது ஏங்கிக் கிடக்கிறேன்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது வாயில் வராது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் எத்தனை வருஷம் போர்மேனாக இருந்தீர்கள்! காலையில் கேட்டில் நின்று ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் உள்ளே விடுவீர்கள். செல்போன் கூடாது, தீப்பெட்டி கூடாது, நைலான் சேலை கூடாது, செருப்பு கூடாது. வெடிமருந்து அறை வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் கரண்ட்டை மண்ணுக்கு இறக்காமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. அம்மா பாக்கிங் வேலைக்கு வந்த முதல் நாளில், தலையில் கொண்டை ஊசி இருந்தது என்று கட்டிய பெண்டாட்டியையே வாசலோடு திருப்பி அனுப்பிய ஆள் நீங்கள். அம்மா அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

பழக்கதோஷத்தில் வீட்டுக்கு வந்தாலும் வாசலில் இருக்கும் அடிகுழாயை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவீர்கள். "ஏங்க, அடுப்படியில என்ன மருந்தா கலக்குறேன்?" என்று அம்மா கேலி செய்வாள். நீங்கள் அசட்டுச் சிரிப்பு சிரிப்பீர்கள். உங்கள் கழுத்து மடிப்பில் வெள்ளியாக மின்னும் பொடியை நான் துண்டை நனைத்துத் துடைத்துவிடுவேன். போகவே போகாது. என் கல்யாணத்தன்று மாலை போட்டுக்கொண்டு நின்றபோதுகூட உங்கள் காது மடலில் அது மின்னிக்கொண்டிருந்தது, போட்டோவில் இருக்கிறது.

அப்படிப்பட்ட மனுஷன் ரயிலில் பட்டாசு கொண்டு போகலாமா? உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா?

கம்பெனி கேட்டைத் தாண்டிவிட்டால் நம் ஊரில் பட்டாசு வெறும் பண்டமாகிவிடுகிறது. சேவு, சீரணி, பட்டாசு. வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பெட்டியைத் துணிக்கு அடியில் செருகிக்கொண்டு ரயிலேறாத குடும்பம் நம் தெருவில் உண்டா? கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுப் பெட்டிக்கு அது பொருந்தாது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வோம். அத்தனை பேர் பையையும் சோதித்த நீங்கள் உங்கள் பையை மட்டும் சோதிக்கவில்லை.

திட்டி முடித்துவிட்டேன். இனி என் முறை. கேட்டது நான்தானே.

உங்கள் மாப்பிள்ளைக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. தீபாவளிக் கூட்டத்தில் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தலைதீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு வர முடியாது என்று போனில் அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள். "நீங்க வர முடியலேன்னா என்ன தாயி? தீபாவளிய நான் அங்கன கொண்டாந்துர்றேன்" என்றீர்கள்.

நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நம்ம கம்பெனி வெடியோட வாங்க. இங்கன வாங்குறதெல்லாம் எனக்கு வெடிச்ச மாதிரியே இருக்காது" என்றேன்.

"பின்னே? சிவகாசிக்காரன் மக கடையில போயி வெடி வாங்குனா ஊரு சிரிக்கும்ல?"

அவ்வளவுதான் பேச்சு. நான் அந்த ஒன்றைக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரிடம் கேட்டாலும் விதி என்கிறார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

அன்று காலை விருதுநகரில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு போன் செய்தீர்கள். அம்மாவும் முனீஸ் அண்ணனும் மறுநாள் பஸ்ஸில் வருவதாகச் சொன்னீர்கள். மதுரை தாண்டி இன்னொரு போன். கடைசியாக, "திண்டுக்கல் வந்துட்டேன், உலைய வச்சிரு" என்றீர்கள். வைத்தேன். உலை கொதித்தது, அரிசி போட்டேன், சோறு வெந்தது, குழைந்தது, அடிப்பிடித்தது. நீங்கள் போனை எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு டிவியில், சோளக்கொல்லைக்கு நடுவே ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு பெட்டி மட்டும் கரியாகப் புகைந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டியில் உயிர் போனது உங்களுக்கு மட்டும்தான். மற்ற எல்லோரும் தீக்காயத்தோடு தப்பிவிட்டார்கள். ஜடை பாதி கருகிப்போன ஒரு கல்லூரிப் பெண் டிவியில் அழுதுகொண்டே, "அந்த ஐயாதான் எங்களப் பிடிச்சுத் தள்ளி எறக்கிவிட்டாங்க" என்றாள். அடுத்த நாள் சிவகாசி பூராவும் உங்கள் படம் போட்ட பிளக்ஸ். உயிரைக் கொடுத்து உயிர் காத்தவர் என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி கேட்டில், நீங்கள் நின்று சோதிக்கும் அதே இடத்தில், மாலை போட்ட உங்கள் போட்டோ. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் அப்பா. பொய் சொல்லவில்லை. பெருமையும் பட்டேன், அந்தப் பையையும் நினைத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் பட்டாசு வெடித்த சத்தத்தை எல்லோரும் கேட்டிருந்தார்கள். யாருடைய பை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. தப்பியவர்கள் எல்லோரும் எங்களுடையது இல்லை என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் முதலில் தீ எப்படிப் பிடித்தது என்பதற்கு மட்டும் உடனே ஆள் கிடைத்துவிட்டது. அவர்தான் டீ விற்கிற சுப்பையா அண்ணாச்சி.

விருதுநகரில் ஏறி, திருச்சி வரைக்கும் டீ விற்றுக்கொண்டே போய், அடுத்த வண்டியில் திரும்புகிறவர் அவர். அடிப்பக்கம் கரி அடுப்பு வைத்த பழைய மாதிரி டீ கேன் உண்டே, கங்கு போட்டுச் சூடு ஆறாமல் வைத்திருப்பார்களே, அந்தக் கேன் எரிந்த பெட்டிக்குள் கிடந்தது. அதிலிருந்து கங்கு சிந்தித்தான் தீப்பிடித்தது என்று பார்த்தவர், பார்க்காதவர் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருந்தவர் தலைமாட்டில் ஒரு போலீஸ்காரரை உட்காரவைத்தார்கள். கரியே போடவில்லை என்று அவர் சொன்னாராம். நம்ப ஆளில்லை.

நமக்கு அது எவ்வளவு வசதி பாருங்கள். உங்கள் பையில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். நான் கேட்டவள், அம்மா அடுக்கிக் கொடுத்தவள், முனீஸ் ஸ்டேஷன் வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விட்டவன். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டால் பழி டீ கேனோடு முடிந்துவிடும்.

ரயில் விபத்து நடந்தால் அதற்கென்றே இருக்கும் பாதுகாப்பு அதிகாரி வந்து விசாரிப்பாராம். பேப்பரில் அறிவிப்பு போட்டிருந்தார்கள். விவரம் தெரிந்த யாரும் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தது. இறந்தவர் வீட்டு ஆள் என்று எனக்குத் தனியாகவும் கடிதம் வந்தது. போவதற்கு முந்தின சாயங்காலம் முனீஸ் என்னை உட்காரவைத்துப் பேசினான்.

"என்ன கேட்டாலும் துணிமணி, பலகாரம்னு மட்டும் சொல்லு."

"வெடி?"

"என்ன வெடி?" என்றான்.

"அண்ணே, அந்த டீக்கார அண்ணாச்சி பாவம்ல?"

"கங்கோட ரயிலுக்குள்ள வந்தது அந்தாளு தப்பு. நம்ம பை பாட்டுக்குச் சும்மா கெடந்துச்சு. நம்ம அப்பாவுக்கு இப்ப என்ன இருக்கு? பேரு ஒண்ணுதான் இருக்கு. அதுல நீ போயி கரிய பூசிட்டு வராத."

அண்ணன் கெட்டவன் இல்லை. அந்தப் பிளக்ஸுக்குக் கீழே நின்று அவன் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து வாசலுக்குப் போய் அடிகுழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

விசாரணை விருதுநகர் ஜங்ஷனில் ஓர் அறையில் நடந்தது. வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் கை இரண்டும் முழங்கை வரை வெள்ளைத் துணிக் கட்டாக இருந்தது. கூட இருந்த அம்மாள் டீ கிளாஸை அவர் வாய்க்கு ஏந்திப் பிடித்துக் குடிக்கவைத்தாள். ஒரு வாய் சிந்தியது. முந்தானையால் அவர் தாடையைத் துடைத்துவிட்டு, "பைய, பைய" என்றாள். எத்தனை ஆயிரம் பேருக்கு டீ ஊற்றிக்கொடுத்த கை அது! அவர் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகவும் என்னை முறையுங்கள்.

அதிகாரி வெளி மாநிலத்துக்காரர், தலை நரைத்தவர். புத்தகத்தில் படித்த மாதிரித் தமிழ் பேசினார். மேஜையில் ரயில் பெட்டியின் படம் விரித்திருந்தது. ஒவ்வொரு இருக்கைக்கும் யார், எந்தப் பை, எந்தப் பக்கம் புகை என்று பென்சிலால் பொடிப்பொடியாகக் குறித்திருந்தார். உங்கள் இருக்கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்.

முதலில் ஆறுதல் சொன்னார். பிறகு ஒரு தட்டை என் முன்னால் நகர்த்தினார். அதில் நம் எவர்சில்வர் தூக்குச்சட்டி இருந்தது. நசுங்கிக் கறுத்திருந்தாலும், பாத்திரக்கடையில் நீங்கள் வெட்டச் சொன்ன பெயர் மூடியில் அப்படியே தெரிந்தது. வெ. மாரீஸ்வரி. வெயிலுமுத்து மகள் மாரீஸ்வரி.

"இது உங்களுடையது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்றார். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினார். "பாத்திரத்தின் அடியில் இது ஒட்டியிருந்தது. காற்றுப் படாததால் எரியவில்லை. பட்டாசுப் பெட்டித் தாள். பக்கத்துப் பையிலிருந்து பறந்து வந்து ஒட்டியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாது, இல்லையா?"

தலையை ஆட்டினால் போதும். அவராகவே வழி திறந்துவிட்டார். தெரிந்துதான் அப்படிக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். உள்ளங்கை அளவுதான் இருந்தது. அதில் ஒரு மயில், இரண்டு கழுத்தோடு.

ஞாபகம் இருக்கிறதா அப்பா? கல்யாணத்துக்கு முன்னால், பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது நான் கடைசியாகப் போட்ட டிசைன். புஸ்வாணம் பூப்பதுபோல் தோகை விரிக்கும் மயில். முதல் ஷீட் ஓடியபோது பச்சைக் கலர் விலகி, மயிலுக்கு இரண்டு கழுத்தாகத் தெரிந்தது. முதலாளி சத்தம் போட்டு, ஓடின அத்தனையையும் கழித்துப் போடச் சொன்னார். நான் மூலையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிப் போக வந்த நீங்கள் அந்த வேஸ்ட் ஷீட்டில் நாலைந்தை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள்.

"எதுக்குப்பா அது?" என்றேன்.

"கெடக்கட்டும். எம் மக போட்டதுல்ல?"

அந்த மயில் எந்தக் கடைக்கும் போகவில்லை. எந்தப் பெட்டியிலும் ஒட்டவில்லை. என் தலைதீபாவளிப் பெட்டியைத்தான் நீங்கள் அதில் பொதிந்து எடுத்து வந்திருக்கிறீர்கள், என்னிடம் சொல்லாமல், பிரித்ததும் நான் சிரிக்க வேண்டும் என்று. உலகத்தில் வேறு யார் பையிலிருந்தும் அது பறந்து வந்திருக்க முடியாது.

என்னால் தலையை ஆட்ட முடியவில்லை. "சார், இது பறந்து வரலை. எங்கப்பா பையில இருந்ததுதான். நான்தான் கொண்டாரச் சொன்னேன்" என்றேன். சொல்லும்போது உங்கள் முகத்தை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டேன். உங்களைக் காட்டிக்கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அம்மா, நான் போலீஸ் இல்லை. யாரைத் தண்டிப்பது என்பது என் வேலை இல்லை. அடுத்த ரயிலில் யாரும் சாகக் கூடாது. அதற்காகத்தான் கேட்கிறேன்" என்றார். பிறகு கேட்டார் பாருங்கள், அரை நாள் கேட்டார். பை எவ்வளவு பெரிசு, துணியா ரெக்சினா, எது மேலே எது அடியில், சரவெடி எத்தனை, மத்தாப்பு தனியாக இருந்ததா. நீங்கள் மத்தாப்பையும் சரத்தையும் ஒன்றாக வைக்க மாட்டீர்கள், நடுவில் பருத்தி வேட்டியை மடித்து வைப்பீர்கள் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். உதவிக்கு இருந்த பெண், "கப்பல் முழுகினாலும் பிளேன் விழுந்தாலும் இதே மாதிரிதாம்மா. எது எங்க இருந்துச்சுன்னுதான் மொதல்ல கேப்பாங்க" என்று மெல்லச் சொன்னாள்.

கையில் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தேன். கால் தானாகவே பெஞ்சுக்குப் போனது. "அண்ணாச்சி, அது எங்கப்பா பைதான். உள்ள சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நிதானமாக, "தெரியும் தாயி" என்றார்.

அவர் வீட்டம்மா எழுந்தே விட்டாள். "தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா இம்புட்டு நாளும் போலீஸ்காரன் முன்னால ஊமையா கெடந்தீக?"

அவர் அவளைக் கையமர்த்த முயன்றார், கட்டுப் போட்ட கை பாதியில் நின்றுவிட்டது. பிறகு என்னிடம் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் உங்களுக்குச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்.

"மதுரை தாண்டி நான் டீ கொண்டாந்தேன். உங்கப்பா என்னிய நிப்பாட்டி, 'அண்ணாச்சி, கேன்ல கங்கு இருக்கா?'ன்னாரு. ரயில்வேக்காரங்க ரெண்டு தடவ புடிச்சதுல இருந்து நான் கரியே போடுறதில்லன்னேன். மனுசன் நம்பல. அடியில இருக்குற தட்ட இழுத்து, கைய உள்ள விட்டுத் தடவிப் பாத்தாரு. சாம்பல்கூட இல்ல. 'கோவிச்சுக்கிடாதீக, கேட்டுல நின்னு நின்னு பழகிருச்சு'ன்னு சிரிச்சாரு. ரெண்டு டீ வாங்குனாரு. ஒண்ண என்னியவே குடிக்கச் சொன்னாரு. மகளுக்குத் தலைதீபாவளின்னாரு."

"அதச் சொல்லியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீகளே?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்ல? 'எதுக்குய்யா அவரு உன் கேனுக்குள்ள கைய விட்டுப் பாத்தாரு?'ன்னு கேப்பாகல்ல? அப்ப பையச் சொல்லணும்."

அவர் கேனில் தீ இல்லை என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி நீங்கள்தான் அப்பா. அந்தச் சாட்சியைக் கூப்பிட்டால் உங்கள் பெயர் கெடும் என்று அவர் கூப்பிடவில்லை. பழியைத் தானே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு டீ குடித்த பழக்கம்தானே உங்கள் இருவருக்கும்? அதற்கு இவ்வளவா?

மிச்சத்தையும் சொன்னார். திண்டுக்கல் தாண்டியதும் செல்போன் சார்ஜ் போடும் பிளக் பக்கம் சுவரிலிருந்து புகை வந்ததாம். நீங்கள்தான் முதலில் மோப்பம் பிடித்துச் செயினை இழுத்தீர்களாம். அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "அண்ணாச்சி, என் பையில வெடி இருக்கு. ஜனத்த எறக்குங்க, நான் பைய வெளிய தள்ளுறேன்" என்றீர்களாம். இருவருமாக எல்லோரையும் தள்ளி இறக்கியிருக்கிறீர்கள். அப்புறம் நீங்கள் புகைக்குள் திரும்பிப் போயிருக்கிறீர்கள். உங்கள் காலைப் பிடித்து இழுக்கத்தான் அவர் உள்ளே வந்தார், கை வெந்தது அதில்தான்.

"போகயில திரும்பிப் பாத்து ஒண்ணு சொன்னாரு தாயி. 'யாரும் கேட்டா என் பைன்னு சொல்லிருங்க'ன்னாரு. கேக்கத்தான் செஞ்சாக. எனக்குத்தான் வாய் வரல. அம்புட்டுப் பேர எறக்கிவிட்ட மனுசன் மேல எப்படிச் சொல்ல?"

நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதேன். உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று நடுங்கிக்கொண்டு வெளியே வந்தவள் நான். நீங்களோ அதை உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு அது தெரியவில்லை, டீக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் கையைப் பிடிக்க முடியாதே, தோளைத் தொட்டு எழுப்பி உள்ளே கூட்டிப்போனேன். அதிகாரி மறுபடியும் பென்சிலை எடுத்தார்.

இப்போது அறிக்கை வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்ததை உங்கள் மாப்பிள்ளை நிறுத்தி நிறுத்திப் படித்துச் சொன்னார். பிளக்குக்குப் பின்னால் இருந்த ஒயர் சூடேறித்தான் தீ பிடித்திருக்கிறது. செம்புக் கம்பியின் நுனி உருகி மணிமணியாக நின்றதை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தத் தீ சுவரோடு அடங்கியிருக்குமாம். பெரிதானது இருக்கைக்கு அடியில் இருந்த பையால். அண்ணாச்சி கேனில் கங்கு இல்லை என்றும் தனியாக ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னேன். பையைப் பற்றிய வரியையும் படிக்கச் சொன்னேன். உங்களுக்குப் பதிலாக நான் கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஊரில் பிளக்ஸ் எல்லாம் இறங்கிவிட்டது. சிலர் நம் வாசல் வழியாகப் போவதில்லை. கம்பெனி கேட்டிலிருந்து உங்கள் போட்டோவையும் கழற்றினார்கள். ஒரு வாரம் அந்த ஆணி சும்மா இருந்தது. பிறகு பாக்கிங் பெண்கள் போய்க் கேட்டு மறுபடி மாட்டவைத்திருக்கிறார்கள். "அவுக படத்தப் பாத்தா ஒளிச்சு வச்சுருக்குறதத் தன்னால எடுத்து வெளிய வைக்கத் தோணுது" என்றாளாம் ஒருத்தி. அம்மா இதைச் சொல்லும்போது கொண்டை ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முனீஸ் என்னோடு மாதக்கணக்கில் பேசவில்லை. போன வாரம் தானாக வந்து, "வண்டியில ஏறு" என்றான். எங்கே என்று சொல்லாமல் விருதுநகர் ஸ்டேஷன் வாசலுக்குக் கூட்டிப்போனான். அண்ணாச்சி இப்போது ரயிலில் போவதில்லை, அங்கே ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறார். விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் நீட்டுகிறார். முனீஸ் வாங்கிக் குடித்தான். கிளாஸை அவனே கழுவி வைத்தான்.

நானும் சும்மா இல்லை. திருச்சியிலிருந்தே கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு அனுப்புகிறேன். இந்த வருஷப் பட்டாசுப் பெட்டிக்கு ஒரு ரயில் படம் வரைந்து, குறுக்கே கோடு போட்டுக் காட்டினேன். "தீபாவளிச் சரக்குல போயி அபசகுனமா எதுக்கும்மா?" என்றார் பட்டாசுக் கம்பெனி முதலாளி. நான் விடவில்லை. கடைசியில், பெட்டிக்கு அடிப்பக்கம் சின்னதாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். "பெட்டியத் திருப்பி எவன் பாக்கப் போறான்?" என்கிறான் முனீஸ். அவன் சொல்வதும் சரிதான். அதனால் இன்னொன்றும் நினைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க விருதுநகர் பிளாட்பாரத்தில், அண்ணாச்சி கடைப் பக்கம் நிற்கப் போகிறேன். பையும் பெட்டியுமாக நம் சனம் வருமே, அவர்களை நிறுத்தி, "உள்ள வெடி இருந்தா இங்கனயே வச்சிட்டுப் போங்க" என்று சொல்வேன். முறைப்பார்கள். முறைக்கட்டும், உங்கள் முறைப்பைப் பார்த்து வளர்ந்தவள்தானே நான்.

அதைச் சொல்ல நீ யார் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்லிவிடச் சொன்னீர்கள் அல்லவா? சொல்வேன் அப்பா. அந்த ரயில் பெட்டியிலிருந்து எல்லோரையும் இறக்கிவிட்டாரே, அவர் மகள் நான். இருக்கைக்கு அடியில் இருந்த பையும் அவருடையதுதான். ஒன்றைச் சொல்லி மற்றதை விடமாட்டேன், இது உங்கள்மேல் சத்தியம்.

அன்று உலை வைத்துவிட்டு, இன்னும் இறக்காமல் இருக்கும்
உங்கள் மகள்
மாரீஸ்வரி